பாக்கெட்டில் ஓர் இசைக் கூடம்: உங்கள் பாட்டு வெளியே வருமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் தவறாமல் செய்யும் வேலை பாட்டு கேட்பது. ஸ்பீக்கரை இணைத்து, பிடித்த பாடல்களை ஒரு போல்டரில் போட்டு, வீட்டில் உள்ள எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டுவார்கள். பாட்டு கேட்கும் அதே மெஷினில் பாட்டை உருவாக்கவும் முடியும் என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிய வரும். அதற்கு மேஜை மீது இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்கூடத் தேவையில்லை, சட்டைப் பையில் இருக்கும் சாதனமே போதும் என்பது இன்னும் கொஞ்ச நாள் கழித்துத் தெரிய வரும்.

நான் ஒரு சாப்ட்வேர் என்ஜினியர். வேலை முடிந்து வந்த பிறகு கொஞ்சம் கீபோர்டு வாசிப்பேன். கையடக்கக் கம்ப்யூட்டர்களில் இசை அமைக்க எழுதப்பட்ட புரோகிராம்களைத் தேடிப் பிடித்து நோண்டிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. இப்போது புழக்கத்தில் இல்லாத பழைய சாதனங்களைக்கூட இதற்காகவே செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருக்கிறேன். (வீட்டில் இதற்கு என்ன பெயர் சொல்வார்கள் என்பதை நீங்களே யூகித்துக் கொள்ளலாம்.)

இப்படிப் பார்த்ததில், இசைக் கலைஞர் ஒருவர் எந்தப் புரோகிராமைப் பார்த்தாலும் இரண்டே கேள்விகள் கேட்டால் போதும் என்று தோன்றுகிறது. தட்டியவுடன் சத்தம் வருகிறதா? போட்ட பாட்டு அந்தப் பெட்டியை விட்டு வெளியே வருமா? முதல் கேள்வியை எல்லாரும் கேட்டு விடுகிறார்கள். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. பாட்டு காணாமல் போன பிறகுதான் அந்தக் கேள்வி ஞாபகத்துக்கு வருகிறது.

விளையாட்டுப் பெட்டியில் பிறந்த இசை

நின்டெண்டோ நிறுவனம் 1989ல் வெளியிட்ட கேம் பாய் குழந்தைகள் விளையாடுவதற்கான சாதனம். ஆனால் உள்ளே பார்த்தால் அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். சுமார் 4.19 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் பிராசசர், 8 கேபி மெமரி. இன்று நாம் எடுக்கும் ஒரு சாதாரண போட்டோவைக்கூட இந்த மெமரியில் வைக்க முடியாது. ஒலிக்காக இதில் நான்கு சேனல்கள் இருந்தன. இரண்டு சதுர அலைகளுக்கு, ஒன்று நாமே வடிவம் வரையக் கூடிய சிறு அலைக்கு, நான்காவது இரைச்சலுக்கு. டிவியில் சிக்னல் இல்லாதபோது வரும் 'உஸ்' சத்தம் போன்ற அந்த இரைச்சலைச் சின்னச் சின்னதாக வெட்டினால் டிரம்ஸ் கிடைத்து விடும்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஆலிவர் விட்சோ 1998ல் இதற்காக நானோலூப் என்ற புரோகிராமை எழுதினார். 2000ல் ஸ்வீடனைச் சேர்ந்த யோஹன் கோட்லின்ஸ்கி 'லிட்டில் சவுண்ட் டிஜே' என்ற புரோகிராமைக் கொண்டு வந்தார். இதில் திரையைக் கீழ்நோக்கி 16 வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியும் தாளத்தில் ஒரு சிறு பகுதி. எந்த வரியில் எந்த ஸ்வரம், எந்தக் கருவி என்று குறித்துவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டே போகும். 7 அல்லது 5 எண்ணிக்கையில் தாளம் வேண்டும் என்றால் 16 வரிகள் முடியும் வரை காத்திருக்காமல் நடுவிலேயே தாவச் சொல்லும் கட்டளையும் இதில் உண்டு. இந்தச் சின்னப் பெட்டியை மேடைக்குக் கொண்டு போய் ஹெட்போன் துளையிலிருந்து மிக்ஸருக்கு ஒயர் இழுத்துக் கச்சேரி செய்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

சரி, பாட்டு எங்கே சேமிக்கப்படுகிறது? கார்ட்ரிட்ஜில். அந்தக் கார்ட்ரிட்ஜின் மெமரி, கரன்ட் இருக்கும் வரைதான் எதையும் ஞாபகத்தில் வைத்திருக்கும். அதற்கு இரவும் பகலும் கரன்ட் கொடுத்துக்கொண்டு உள்ளே ஒரு பட்டன் பேட்டரி உட்கார்ந்திருக்கும். கைக்கடிகாரத்தில் போடுவோமே, அதே வகை. சில வருடங்களில் அது தீர்ந்துவிடும். தீர்ந்த அன்று பாட்டுகளும் தீர்ந்தன. கையில் பார்த்தால் கார்ட்ரிட்ஜ் அப்படியேதான் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

பஜ்ஜி தின்ற பாம் டாப்

பாம் பைலட் 1996ல் வந்தபோது அது ஒரு டிஜிட்டல் டைரி. 16 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 128 கேபி மெமரி. 'பீப்' என்று கத்துவதைத் தவிர அதற்கு வேறு இசை தெரியாது. 2002ல் வந்த டங்ஸ்டன் டி மாடலில் நிலைமை மாறியது. 144 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஆர்ம் வகை பிராசசரும், உண்மையான ஒலிப்பதிவை வாசிக்கக் கூடிய பாம் ஓஎஸ் 5ம் அதில் இருந்தன. இந்த வகைச் சாதனங்களுக்காக எழுதப்பட்டதுதான் 'பஜ்ஜிஸ் லூப்ஸ்'. ஆம், நம் பஜ்ஜியேதான் பெயரில். எழுதியவர் பிரான்சைச் சேர்ந்த எமிலி கிலே.

உள்ளங்கையில் அடங்கும் சாதனத்தில் சாம்பிளர், சீக்வென்சர், எபெக்ட்ஸ் மூன்றையும் ஒரே புரோகிராமில் அடக்கி இருந்தார். இது எவ்வளவு பெரிய வேலை என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். சிடி தரத்தில் ஒலி என்றால் ஒரு விநாடிக்கு 44,100 முறை ஒலியின் அளவைக் கணக்கிட்டு அனுப்ப வேண்டும். 8 டிராக் ஓடினால் விநாடிக்கு 3,52,800 கணக்குகள். 144 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் விநாடிக்கு 14 கோடியே 40 லட்சம் முறை துடிக்கிறது. வகுத்தால் ஒரு கணக்குக்குச் சுமார் 400 துடிப்புகள் கிடைக்கும். அதற்குள் மெமரியிலிருந்து ஒலியை எடுக்க வேண்டும், சுருதியை மாற்ற வேண்டும், ஒலி அளவைச் சரி செய்ய வேண்டும், மற்ற டிராக்குகளுடன் கூட்ட வேண்டும். திரையில் படம் வரையும் வேலை தனி.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பிராசசர்களில் தசமப் புள்ளி எண்களுக்கான தனிப் பகுதி கிடையாது. ஒலி அளவை 0.75 ஆகக் குறை என்று நேரடியாகச் சொன்னால் திணறிப் போகும். எனவே புரோகிராம் எழுதுபவர்கள் மளிகைக் கடைக்காரர் மாதிரி யோசித்தார்கள். முக்கால் ரூபாய் என்று எழுதாமல் 75 பைசா என்று எழுதினால் புள்ளி போய்விடும் இல்லையா? அதே தந்திரம்தான். 192 ஆல் பெருக்கி 256 ஆல் வகுத்தால் 0.75 வந்துவிடும். 256 ஆல் வகுப்பது கம்ப்யூட்டருக்கு வகுத்தலே இல்லை. எண்ணை எட்டு இடம் தள்ளி வைத்தால் முடிந்தது. இன்றைக்குப் புரோகிராம் எழுதும் எங்களில் பலர் இந்த வேலையைச் செய்ததே இல்லை. பஜ்ஜிஸ் லூப்ஸை ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அதன் பாட்டைவிட இந்தக் கணக்குதான் காதில் கேட்கிறது.

எமிலி கிலே பின்னாளில் மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கிச் சின்தசைசர்களை உருவாக்கினார். அவற்றில் ஒன்றின் பெயர் 'ஸ்ருதி-1'. பஜ்ஜியில் தொடங்கிச் சுருதிக்கு வந்திருக்கிறார்! நிறுவனம் 2022ல் மூடப்பட்டது. ஆனால் அதன் கருவிகளின் வடிவமைப்பும் புரோகிராம் வரிகளும் எல்லாரும் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டிருந்ததால், அந்த ஒலிகளை மற்றவர்கள் தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

பாம் டாப்பிற்கு வருவோம். கேம் பாய் கார்ட்ரிட்ஜில் இருந்த அதே வியாதி இதிலும் இருந்தது. 2004ன் இறுதியில் வந்த மாடல்கள் வரை, பாம் சாதனங்களில் போட்ட புரோகிராம், முகவரி, பாட்டு எல்லாமே பேட்டரி உள்ளவரைதான் நிலைக்கும். இரண்டு வாரம் வெளியூர் போய்விட்டு வந்தால் சாதனம் புதிதாக வாங்கியது போலப் பளிச்சென்று இருக்கும். மைக்ரோசாப்டின் பாக்கெட் பிசி சாதனங்களிலும் 2005ல் விண்டோஸ் மொபைல் 5 வரும் வரை இதே கதைதான். மெமரி கார்டில் ஒரு காப்பி போட்டு வைத்தவர்களின் பாட்டு பிழைத்தது.

சேமிக்கவே முடியாத இசை

2005ல் நின்டெண்டோ டிஎஸ் சாதனத்திற்காக ஜப்பானியக் கலைஞர் தோஷியோ இவாய் உருவாக்கிய 'எலக்ட்ரோபிளாங்டன்' இன்னும் ஒரு படி மேலே போனது. திரையில் நீந்தும் சிறு உயிரினங்களைத் தொட்டால், இழுத்தால், மைக்கில் ஊதினால் இசை பிறக்கும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் உருவாக்கிய இசையைச் சேமிக்க அதில் வழியே கிடையாது. வாசித்தோம், கேட்டோம், போச்சு. அதை ஒரு கலைப் படைப்பாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஒரு பாடலாசிரியருக்குக் கருவியாகக் கொடுத்தால் அழுதே விடுவார். 2008ல் அதே சாதனத்திற்கு வந்த கோர்க் டிஎஸ்-10 பரவாயில்லை ரகம். கோர்க் நிறுவனத்தின் 1970களின் எம்எஸ்-10 சின்தசைசரைத் திரையில் கொண்டு வந்த அந்தப் புரோகிராமில் பாட்டைக் கார்ட்ரிட்ஜில் சேமிக்கலாம்.

ஐபேட் வந்த பிறகு

2010ல் ஐபேட் வெளியான சில மாதங்களிலேயே கொரில்லாஸ் குழுவின் டேமன் ஆல்பர்ன், அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது ஓட்டல் அறைகளில் அமர்ந்து 'தி பால்' என்ற ஆல்பத்தின் பெரும்பகுதியை ஐபேடில் பதிவு செய்தார். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று அது வெளியானது. 2011 மார்ச்சில் ஆப்பிளின் கராஜ்பேண்ட் ஐபேடுக்கு வந்தது. ஸ்டீவ் லேசி என்ற இளைஞர் கிட்டாரை ஒரு சின்ன அடாப்டர் வழியாக ஐபோனில் செருகி, கராஜ்பேண்டில் பாட்டுகள் அமைத்தார். கென்ட்ரிக் லமாரின் 'டேம்' ஆல்பத்தில் 'பிரைட்' பாடலின் தயாரிப்பில் அவருக்குப் பங்கு உண்டு. அந்த ஆல்பம் 2018ல் இசைக்கான புலிட்சர் பரிசை வென்றது. போனில் செய்வதெல்லாம் விளையாட்டு என்று சொல்லும் பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நம் இசைக்கு இங்கே ஒரு தனிச் செய்தி உண்டு. கீபோர்டில் கமகம் வராது என்பது பழைய குறை. ஒவ்வொரு கட்டையும் ஒரு ஸ்வரம், இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே வழுக்கிப் போக வழி இல்லை. தொடுதிரையில் கட்டையே கிடையாது, விரல் எங்கே வேண்டுமானாலும் நகரலாம். 2015ல் வந்த ஜியோஷ்ரெட் என்ற புரோகிராம் இந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்துகிறது. தந்தி எப்படி அதிர்கிறது என்பதைக் கணக்குப் போட்டே ஒலியை உருவாக்குவதால், விரலை அசைத்தால் தந்தியை இழுத்தது போலவே ஒலி வளைகிறது. மகேஷ் ராகவன் ஐபேடில் கர்நாடக இசை வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

இவ்வளவு நல்ல விஷயங்களுக்கு நடுவே 2017ல் ஒன்று நடந்தது. ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் வகையில் எழுதப்பட்ட பழைய ஆப்கள் எதுவும் அதில் ஓடாது என்று ஆப்பிள் நிறுத்திவிட்டது. எழுதியவர்கள் புதுப்பித்துக் கொடுத்த ஆப்கள் தப்பின. மற்றவை திறக்கவில்லை. அவற்றுக்குள் இருந்த பாட்டுகளும் அப்படியே உள்ளே நின்றன. இந்த முறை எந்தப் பேட்டரியும் தீரவில்லை என்பதுதான் வித்தியாசம்.

தட்டியவுடன் சத்தம் வர வேண்டும்

என் பெரியப்பா மகன் ஓர் இன்னிசைக் குழுவில் ரிதம் பேட் வாசிப்பவர். ஒரு நாள் என் போனில் இருந்த டிரம்ஸ் புரோகிராமைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். காதில் புளூடூத் ஹெட்போன். நாலு தட்டு தட்டிவிட்டுக் கழற்றி வைத்துவிட்டார். "டேய், நான் தட்டுறது முன்னாடி போகுது, சத்தம் கல்யாணம் முடிஞ்ச மறுநாள் வர்ற மொய் மாதிரி வருது. இதுல எப்படிடா வாசிக்கிறது?"

போன் ஒலியைத் துளித் துளியாக ஸ்பீக்கருக்கு அனுப்புவதில்லை. கொஞ்சம் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்புகிறது. அந்தச் சேமிப்பு இடத்தை பபர் என்பார்கள். 256 சாம்பிள் சேர்த்து அனுப்பினால் தாமதம் சுமார் 6 மில்லி விநாடி. நமக்குத் தெரியவே தெரியாது. 1,024 என்றால் 23 மில்லி விநாடி, தேர்ந்த தாளக்காரர் முகம் சுளிப்பார். 4,096 என்றால் 93 மில்லி விநாடி. நிமிடத்திற்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டின் கால் பங்கே 125 மில்லி விநாடிதான் என்பதைப் பார்த்தால் இது எவ்வளவு மோசம் என்று புரியும். பபரை ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து. பிராசசர் நேரத்திற்குள் கணக்கை முடிக்காவிட்டால் 'கடக் முடக்' என்று ஒலி உடையும்.

ஆண்ட்ராய்டு போன்கள் பல வருடங்கள் இந்தத் தாமதத்தால் இசைக் கலைஞர்களிடம் கெட்ட பெயர் வாங்கின. 2017ல் ஆண்ட்ராய்டு 8ல் ஏஆடியோ என்ற புதிய வழியை கூகுள் கொண்டு வந்த பிறகு நிலைமை நன்றாகவே முன்னேறியது. ஆனால் புளூடூத் ஹெட்போன் தன் பங்குக்கு 100 முதல் 200 மில்லி விநாடி வரை சேர்த்துவிடும். பாட்டு கேட்பதற்கு அது போதும், வாசிப்பதற்கு ஒயர் உள்ள ஹெட்போன்தான். அண்ணனுக்கு ஒயர் ஹெட்போனைக் கொடுத்தேன். அன்று என் போனைத் திரும்ப வாங்கும்போது இரவு பத்து மணி.

பழைய டேப்ளட்டில் சிக்கிய 27 மெட்டுகள்

அவரிடமே இரண்டாவது கேள்விக்கும் உதாரணம் இருந்தது. பயணங்களின்போது ஒரு பழைய டேப்ளட்டில் மெட்டுகள் போட்டு வைத்திருந்தார், மொத்தம் 27. புது டேப்ளட் வாங்கினார். அந்த ஆப் புதியதில் கிடைக்கவில்லை, ஏற்றுமதி செய்யும் வசதியும் அதில் இல்லை. பைல்களைக் காப்பி செய்து பார்த்தோம். அந்த ஆப்பைத் தவிர வேறு எதுவும் அவற்றைத் திறக்கவில்லை. பழைய டேப்ளட்டின் பேட்டரி உப்பத் தொடங்கியிருந்தது.

இப்படிப்பட்ட நிலையில் எந்தச் சாதனத்திற்கும் பொருந்தும் ஒரு வழி உண்டு. ஹெட்போன் துளையிலிருந்து வரும் ஒலியைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து விடுவது. இரண்டு முனையிலும் 3.5 மிமீ பின் உள்ள ஸ்டீரியோ ஒயர் ஒன்று வேண்டும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்புறம் நீல நிறத்தில் இருப்பது லைன் இன் துளை, அதில் செருகவும். இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கானது, அதில் செருகினால் ஒலி கரகரவென்று உடைந்து வரும். லேப்டாப்பில் பெரும்பாலும் லைன் இன் இருக்காது, லைன் இன் உள்ள யுஎஸ்பி ஆடியோ அடாப்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரைத் திறந்து, ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டு டேப்ளட்டில் பாட்டை ஓட விடவும். அலை வடிவம் மேல் கோட்டையும் கீழ் கோட்டையும் தொடாதபடி டேப்ளட்டின் வால்யூமைக் குறைத்துக்கொள்ளவும். பிறகு வேவ் பைலாக எக்ஸ்போர்ட் செய்யவும்.

ஆப்பில் ஒவ்வொரு டிராக்கையும் மியூட் செய்ய முடிந்தால், முதலில் டிரம்ஸை மட்டும் ஓட விட்டுப் பதிவு செய்து, பிறகு பேஸ், பிறகு மெட்டு என்று தனித்தனியாக எடுத்தால் பின்னால் வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பைலாக எடுத்தால் பிறகு பிரிப்பது கடினம். 27 மெட்டுகளுக்கு எங்களுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஒவ்வொன்றும் ஓடி முடியும் வரை உட்கார்ந்துதானே ஆக வேண்டும். அதில் நான்கை அவர் தானே போட்டதாக நம்பவே இல்லை.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால்

ஐபோன் அல்லது ஐபேட் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் போதும். 2017 முதல் அது எல்லாருக்கும் இலவசம். புதியவர்கள் எல்லாரும் தடுமாறும் இடம் ஒன்று: 8 பார் முடிந்ததும் பாட்டு திரும்பத் தொடக்கத்துக்கே போய்விடும். அளவுகோல் போன்ற பட்டையின் வலது ஓரத்தில் உள்ள கூட்டல் குறியைத் தொட்டு, அந்தப் பகுதியின் நீளத்தை ஆட்டோமேட்டிக் என்று மாற்றிவிட்டால் நீங்கள் நிறுத்தும் வரை பதிவாகும். பாட்டு முடிந்ததும் பாடல்கள் பட்டியலுக்கு வந்து, பாட்டின் மீது விரலை அழுத்திப் பிடித்து, ஷேர், பிறகு சாங் என்று கொடுக்கவும். தரம் கேட்கும்போது சுருக்கப்படாத வகையைத் தேர்ந்தெடுக்கவும்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் என் ஓட்டு எப்எல் ஸ்டுடியோ மொபைலுக்கு. காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான். ஆனால் வேவ், மிடி இரண்டு வகையிலும் பாட்டை வெளியே எடுக்கலாம். வேவ் பைலில் இருப்பது ஒலி. மிடி பைலில் இருப்பது எந்த நேரத்தில் எந்த ஸ்வரம் என்ற குறிப்பு மட்டும், ஸ்வரம் எழுதிய நோட்டுப் புத்தகம் மாதிரி. எனவே மிடியை எந்த இசை சாப்ட்வேரில் திறந்தாலும் வேறு கருவியில் வாசிக்க வைக்கலாம். இலவசம் வேண்டும் என்றால் பேண்ட்லேப் இருக்கிறது. அதில் பாட்டு இணையத்தில் உள்ள சர்வரில் தங்குகிறது. அங்கேயே விட்டு விடாமல் உங்கள் கம்ப்யூட்டருக்கும் இறக்கிக்கொள்ளவும்.

நான்கு நிமிடப் பாட்டு ஒன்றின் ஸ்டீரியோ வேவ் பைல் சிடி தரத்தில் சுமார் 42 எம்பி வரும். எட்டு டிராக்குகளைத் தனித்தனியாக எடுத்தால் 340 எம்பி. 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் இப்படிப்பட்ட பாட்டுகள் 90க்கு மேல் அடங்கிவிடும். பைலுக்குப் பெயர் வைக்கும்போது பாட்டின் பெயருடன் தேதி, தாளத்தின் வேகம், சுருதி மூன்றையும் சேர்த்து எழுதி விடுங்கள். ஆப்பைத் திறக்க முடியாத நாளில் இந்த மூன்றையும் காதால் கேட்டுக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு பாட்டுக்குப் பத்து நிமிடம் பிடித்தது.